மூத்த வீட்டு ரூட்

வடமதுரைக் கடைத்தெருவில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த லிடியா, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டுகிறாள் என்று ஊரே மெச்சியது. அந்தப் பேச்சு அவளுடைய பெரியப்பா பாஸ்கலுக்கு முள்ளாய்க் குத்தியது. அந்தோணியார் தேர் வடத்தில் முதல் கை வைப்பவர் மூத்த வீட்டுக்காரரான அவர்தான். அவர் வீட்டிலும் புத்தம் புதிய கம்ப்யூட்டர் இருந்தது. அதை எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஒருநாள் விறைப்பாக அவள் கடைக்குள் நுழைந்தார்.

“ஓசியில வந்ததாமே இது?”

“ஆமா பெரியப்பா. யாரு வேணாலும் எடுத்துப் போட்டுக்கலாம். ஆனா ஒவ்வொரு மெஷினுக்கும் ரூட்டுன்னு ஒருத்தர் உண்டு. அவர் வச்சதுதான் சட்டம். மத்தவங்க அவர் விட்ட அளவுக்குத்தான் புழங்கலாம்.”

“இதுக்கு ரூட்டு யாரு?”

“நான்தான்.”

பாஸ்கலின் முகம் கறுத்தது. தேர் வடத்தில் இவள் அப்பனுக்கே இரண்டாம் கைதான், மகள் ரூட்டாம்.

“மூத்த வீட்டுல ஆளு இருக்கயில நீ எப்படி தாயி ரூட்டாவ?”

லிடியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “ஒங்க பேருலயும் ஒரு யூசர் போட்டுத் தாரேன் பெரியப்பா.”

“யூசர்னா ஒனக்குக் கீழதான?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், வாசலைத் தாண்டாமலே நின்றார்.

“சாயங்காலம் அந்த லினக்ஸு சிடியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வா. எம் மெஷின்லயும் போட்டு விடு.”

“சரி பெரியப்பா.”

“ரூட்டு பாஸ்வேர்ட நான்தான் அடிப்பேன். அப்ப நீ செவத்தப் பாத்துத் திரும்பிக்கிறணும்.”