முன்னால் நிற்பவன் சொல்

“ரேஸ் பண்ணா இண்டிகேட்டர் தெரியல,” என்றான் அக்கா புருஷன்.

“எரியுதா இல்லையா?”

“எரியுது. ஆனா தெரியல.”

“எரிஞ்சா எப்படி அத்தான் தெரியாம போகும்? கண்ணாடிய மாத்துங்க.”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் வேலைதான் நொள்ளை.”

வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி, வெயிலில் கைகட்டிக்கொண்டு நின்றான். நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தேன். வண்டி ஓட்டுபவனுக்கு வண்டியின் முன் விளக்கு தெரியாது. முன்னால் நிற்பவன் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். முன்னால் நின்றவன் இவன்.

அந்த வண்டி ஒரே கம்பெனியில் பிறந்ததில்லை. ஒரு தண்ணி லாரியின் முகம், ஒரு பால் வண்டியின் அடிச்சட்டம், பழுதான கார்களை இழுத்து ஏற்றுவதற்குப் பின்னால் நாங்களே அடித்த சாய்பலகை. மூன்று வருடம் சேர்ந்து கட்டினோம். நான்காவது வருடம் நல்ல பேச்சு நின்றது. ஏன் என்று எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு கதை வரும். இரண்டிலும் எதிராளிதான் அயோக்கியன்.

இப்படி உருமாற்றிய வண்டிகளுக்குப் பகலிலும் எரியும் வெள்ளை விளக்கு கட்டாயம், பழைய மங்கல் இண்டிகேட்டர் செல்லாது என்று சோதனை நிலையத்திலிருந்து தாள் வந்தது. வண்டி அவன் பெயரில். ஓட்டுவது நான். தாள் வந்த மறுநாளே வண்டியை வாங்க ஓர் ஆளைப் பிடித்துவிட்டான். அக்கா நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னாள். இன்று மதியம் இரண்டு மணி டெஸ்டில் பாஸானால் வண்டி என்னிடமே ஓடும். இல்லையென்றால் அவன் விற்றுக்கொள்ளலாம்.

விற்றால் நான் பாட்டில் மூடித் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். இரவு ஷிஃப்டில் ஆறு வருடம் பெல்ட்டில் போகும் மூடிகளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு நாள் பாதியில் எழுந்து வந்தவன் நான். திரும்பப் போனால் சேர்த்துக்கொள்வார்கள். அதுதான் பயமே.

அதனால் இரண்டு நாள் உட்கார்ந்து விளக்குகளை மாற்றினேன். முன்பக்கம் இரண்டு மூலையிலும் எல்இடி. நடுவில் மஞ்சள் இண்டிகேட்டர், அதைச் சுற்றி வளையமாக வெள்ளை. இண்டிகேட்டர் போட்டதும் வெள்ளை தணிய வேண்டும். தணியாவிட்டால் அந்த வெளிச்சத்தில் மஞ்சள் மின்னுவது எவன் கண்ணுக்கும் படாது. எஞ்சின் சும்மா ஓடும்போது இறங்கிப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அழகாகத் தணிந்தது.

“வலது பக்கம்,” என்றான். “நீ ஆக்ஸிலேட்டர மிதிச்சா வெள்ளை திரும்ப ஏறுது. மஞ்சள முழுங்கிடுது.”

“டெஸ்டுக்குப் போக ஒரு மணி நேரம்தான் இருக்கு. இப்பப் பிரிச்சுப் போடணும். அதானே உங்க பிளான்?”

“ஆமா, வேற வேலை இல்ல எனக்கு. நம்பலைன்னா இறங்கி வந்து பாரு. நான் ஏறி மிதிக்கிறேன்.”

“ஏறி அப்படியே கேட்டைத் தாண்டிடலாம். வாங்குறவன் அங்கேயே நிக்கிறானா, இல்ல வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுக்கணுமா?”

“அடேய், வண்டி என் பேர்ல இருக்கு. ஓட்டிட்டுப் போகணும்னா உன்கிட்ட கேட்டுட்டா போவேன்?”

“சாவி என்கிட்ட இருக்குல்ல, அதான் கேக்குறீங்க.”

பக்கத்து டயர் கடைக்காரரைக் கூப்பிடலாம் என்றால் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். ஆக்ஸிலேட்டரில் கல்லை வைத்துவிட்டு இறங்கவும் எனக்குத் தைரியம் இல்லை. இவனோ வண்டி தோற்றால் லாபம் பார்ப்பவன். யோசிக்கவே தேவையில்லை என்று நினைத்தேன்.

“வழிய விடுங்க,” என்றேன்.

“சொன்னேன். அவ்வளவுதான். அப்புறம் உங்கக்காகிட்ட வந்து அழாத.”

அவனும் ஏறிக்கொண்டான். சோதனை நிலையம் வரைக்கும் அவன் அந்த ஜன்னலைப் பார்த்தான், நான் இந்த ஜன்னலைப் பார்த்தேன். சாலையை யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிரேக் லைட் சரி. பின் இண்டிகேட்டர் சரி. முன்னால் வந்து இடது போடச் சொன்னார், வலது போடச் சொன்னார். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. தலையசைத்துப் பேனாவைத் திறந்தார். என் முதுகு முதல்முறையாக சீட்டில் சாய்ந்தது.

அக்கா புருஷன் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றான்.

“மேடம், ஒருதடவை ரேஸ் பண்ணச் சொல்லிப் பாருங்க.”

“நீங்க யாரு?”

“வண்டி ஓனர்.”

“ஓனரே போட்டுக் குடுக்குறீங்களா? என் சர்வீஸ்ல இப்பதான் பாக்குறேன்.” என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “வலது போட்டு மிதிங்க.”

மிதித்தேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

“யாரு ஒயரிங்?”

“நான்தான் மேடம்.”

“இறங்கி வந்து பாருங்க. ஓனர் ஏறி மிதிக்கட்டும்.”

அவன் மிதித்தான். எஞ்சின் உறுமியதும் வலது மூலையில் வெள்ளை வளையம் முழுதாக ஏறி நின்றது. நடுவில் மஞ்சள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் கண்டுபிடித்தேன். தெரியாதவனுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஃபெயில் என்று எழுதி ஓனர் கையில் கொடுத்தார். அடுத்த தேதி ஒரு மாதம் கழித்து.

வண்டியை ஓர் ஓரமாக, வேலி நிழலில் நிறுத்தினோம். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“நீங்க சும்மா இருந்திருந்தா பாஸ்,” என்றேன்.

“நான் சொன்னப்ப இறங்கிப் பாத்திருந்தாலும் பாஸ்.”

கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரையும் உப்புத்தாளையும் எடுத்தேன்.

“என்ன பண்ற?”

“சரி பண்றேன்.”

“எதுக்கு? வாங்குறவன் பாத்துக்குவான். வண்டி இனி உன்னுது இல்ல.”

“அவன் வீடு வரைக்கும் யாரு ஓட்டுறது?”

“நான்தான்.”

“நீங்க போய்ச் சேர்றதப் பத்தி எனக்குக் கவலை இல்ல அத்தான். எதிர்ல வர்றவன் என்ன பாவம் பண்ணான்?”

பம்பருக்குப் பின்னால் கையை விட்டதும் புரிந்தது. போன மாதம் கேபினுக்குப் புது சிவப்பு அடித்தபோது, ஒரு கீறல் விழுந்தாலும் கையை ஒடிப்பேன் என்றிருந்தான். அதனால் வலது விளக்கின் எர்த் ஒயரைப் பெயிண்ட் மேலேயே வைத்து போல்ட் முடுக்கியிருந்தேன். பெயிண்ட் மேல் எர்த் பிடிக்காது; ரேஸ் பண்ணினால் கரண்ட் தடுமாறி வெள்ளை தணியாது. தொழில் தெரிந்த எவனும் செய்யாத வேலை. அவன் வாய்க்குப் பயந்து செய்திருக்கிறேன்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பைச் சுரண்டினேன். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். வேண்டியதற்கு மேலேயே தேய்த்தேன். பல்லைக் கடித்தான். ஒயரை வைத்து போல்ட்டை இறுக்கினேன்.

“வலது போட்டு மிதிங்க.”

ஏறி மிதித்தான். வெள்ளை தணிந்தது. எஞ்சின் எவ்வளவு கத்தியும் ஏறவில்லை. மஞ்சள் பளிச் பளிச்சென்று அடித்தது.

“தெரியுதா?” என்று உள்ளேயிருந்து கத்தினான்.

நான் ஸ்பேனரைத் துடைத்தேன்.

“டேய், தெரியுதா இல்லையா?”

“தெரியுது.”

கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்தான். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு இறங்கி வந்தான். அணைந்து கிடந்த விளக்கைக் குனிந்து பார்த்தான். பார்க்க வேண்டுமென்றால் யாராவது உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். இருந்தது நான் ஒருவன்.

“குடுங்க, நான் மிதிக்கிறேன்,” என்று கையை நீட்டினேன்.

சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

“ஒண்ணும் வேண்டாம்,” என்று ஏறிவிட்டான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்பே வாசலுக்கு நடந்தேன். வண்டி என் பக்கமாக வந்தது. சாலையில் ஏறும் இடத்தில் வலது இண்டிகேட்டரைப் போட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்த மூலையை எட்டிப் பார்த்தான். அங்கிருந்து அது தெரியாது. என்னைப் பார்த்தான். நான் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு பக்கமும் வண்டிகள் முழுதாக ஓய்கிறவரை காத்திருந்து, உருட்டிக்கொண்டு திரும்பினான்.