சும்மா ஒரு பெட்டி

வீட்டை விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, கூடத்துச் சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டி, "அது சும்மா கிடக்கு, கண்டுக்காதீங்க" என்றார். திருட்டு அலாரமாம். யாராவது புகுந்தால் கத்துமாம், கத்தினால் எங்கோ ஒரு கண்காணிப்பு மையத்தில் தெரியுமாம். வீட்டைக் காலி செய்வதால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றார். நாங்களும் தலையாட்டினோம். வீடு வாங்கும் சந்தோஷத்தில் இருப்பவர்களிடம் மாடியில் சிங்கம் இருக்கிறது என்று சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

அந்த வீடு எங்களுக்கு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகளுக்கு ஆறு வயது. அம்மா இல்லை. தம்பி குடியில் விழுந்து பிள்ளையை மறந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தகவல் சொல்ல, போலீஸ் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காப்பகத்தில் விட்டது. அவளைக் கேட்டு நான் ஏறாத படி இல்லை. குழந்தைக்குத் தனி அறை உண்டா என்றார்கள், இருந்ததையெல்லாம் விற்று இந்த வீட்டை வாங்கினோம். இப்போது சோதனைக்கு எங்களிடம் விட்டிருந்தார்கள். குழந்தைகள் நல அலுவலர் கடைசியாக ஒருமுறை வந்து பார்த்து, பாதுகாப்பான வீடு என்று எழுதினால் அவள் எங்களுடையவள். எழுதாவிட்டால் மறுபடியும் காப்பகம். நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது என்பதால் அவளைப் பூனை என்று கூப்பிடுவேன்.

குடிவந்த முதல் வாரம், அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், சமையலறைப் பின்ஜன்னலைத் திறந்தேன். வீடே அலறியது. அலறல் நின்றதும் பெட்டி பேச ஆரம்பித்தது.

"கண்காணிப்பு மையத்துலருந்து பேசறோம். உங்க அடையாளச் சொல் என்ன?"

"சொல்லாவது கில்லாவது. ஒண்ணுமில்லைங்க, சும்மா ஜன்னலைத் திறந்தேன்."

அந்தப் பெண்ணின் குரல் சட்டென்று தணிந்தது. "சரிங்கம்மா. புரிஞ்சுது. பதற்றப்படாம இருங்க."

என்ன மரியாதை என்று மெச்சிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் இரண்டு போலீஸ், பின்வாசலில் இரண்டு போலீஸ். கட்டிலுக்கு அடியில்கூட டார்ச் அடித்துப் பார்த்தார்கள். திருடன் கிடைக்காத கோபத்தை என்மேல் காட்டினார்கள். இன்னொரு தடவை இப்படிப் பொய்யாக வரவழைத்தால் வழக்குப் பதிவு செய்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போலீஸ் பதிவில் இருக்கும் வீட்டுக்கு யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

மையத்துக்குப் போன் செய்தேன். கணக்கு பழைய வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, அவர் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னால்தான் நிறுத்துவோம் என்றார்கள். பகலில் பெட்டி தானாகவே விழித்துக்கொள்ளும்படி அவர் வைத்திருக்கிறாராம், பின்ஜன்னலும் பின்கதவும் திறந்தால் கத்தும் என்று மட்டும் சொன்னார்கள். அவருக்குப் போன் போட்டால் மனிதர் எடுக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கக் கை அரிக்கும். "ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

"தொட்டா அதுக்கும் கத்தினாலும் கத்தும். அந்த அலுவலர் அம்மா வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க அது பக்கமே போகக்கூடாது" என்றேன்.

அலுவலர் வந்த நாளில் வெயில் கொளுத்தியது. பின்பக்கம் முழுக்க அடைத்துக் கிடந்தது. அவர் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர், பார்ப்பதை எல்லாம் பார்த்துவிடுகிறவர். பூனை கூடத்து மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"ஏன் எல்லாம் சாத்தியே இருக்கு? மூச்சு முட்டுதே" என்றார் அலுவலர்.

"மழை வரும்போல இருந்துச்சு" என்றேன். வெளியே சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அலாரம் என்றால் போலீஸ் வந்ததையும் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் எல்லாம் போச்சு என்று பயந்து பூசி மெழுகினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். அவரும் சமையலறையைப் பார்க்கப் பின்னாலேயே வந்தார். நான் டம்ளரைக் கழுவித் திரும்புவதற்குள், பின்ஜன்னலின் கொக்கியை எடுத்துத் தள்ளிவிட்டார்.

அலறலில் டம்ளர் என் கையிலிருந்து விழுந்தது. அலுவலர் காதைப் பொத்திக்கொண்டார். நான் கூடத்துக்கு ஓடினேன்.

"கண்காணிப்பு மையம். அடையாளச் சொல் சொல்லுங்க."

"ஐயோ, யாரும் வரலைங்க. ஒரு அம்மா சும்மா ஜன்னலைத் திறந்துட்டாங்க, அவ்வளவுதான்."

"சரிங்கம்மா. புரிஞ்சுது. பதற்றப்படாம இருங்க."

அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று இந்த முறை எனக்குத் தெரியும். குரல் போனதும் அலறல் மறுபடியும் தொடங்கியது. என் வீட்டுக்காரர் பெரிய ஸ்க்ரூடிரைவரோடு வந்து பெட்டியின் மூடியை நெம்பினார். நான் அலுவலரிடம் முதல் வாரம் நடந்ததைக் கத்திக் கத்திச் சொன்னேன். பாதி அவருக்குக் கேட்டது, பாதி கேட்கவில்லை. "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது என் போன் அடித்தது. பழைய வீட்டுக்காரர்.

"மையத்துலருந்து கூப்பிட்டாங்கம்மா. அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"சும்மா ஜன்னலைத் திறந்தோம்னு சொன்னேன். எத்தனை தடவைங்க உங்களைக் கூப்பிடுறது?"

ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டேன். "அந்தச் சும்மாதான் ஆபத்துச் சொல்லும்மா. திருடன் பக்கத்துலயே நின்னு மிரட்டினா, அவனுக்குத் தெரியாம சொல்றதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க. என் வீட்டுக்காரி எதையாவது மறைக்கணும்னா ஒண்ணுமில்ல, சும்மான்னுதான் சொல்லுவா. நான் விளையாட்டா அதையே குடுத்துட்டேன்."

"இப்பவே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்லிப் பாத்தேன். அந்த வார்த்தை வந்துட்டா யார் வேண்டாம்னாலும் விடமாட்டாங்களாம். நேர்ல வந்து பாத்தே ஆகணுமாம். மன்னிச்சிடுங்கம்மா."

தமிழ் பேசுகிறவர்கள் மூச்சு விடுகிற மாதிரி சொல்கிற வார்த்தையை எடுத்து யாராவது அபாயத்துக்கு வைப்பார்களா? அவரைத் திட்ட வாயெடுத்தேன், அதற்குள் கதவு இடிபட்டது.

மூன்று பேர் ஒரே தள்ளலில் உள்ளே வந்தார்கள். வந்ததும் கண்ணில் பட்டது ஸ்க்ரூடிரைவரோடு நின்ற என் வீட்டுக்காரர்தான்.

"கீழ போடு. கையைத் தூக்கு."

"சார், இது என் வீடு" என்றார் அவர். ஸ்க்ரூடிரைவரைக் கீழே போடவும் தோன்றவில்லை அவருக்கு. ஒரு போலீஸ்காரர் அவர் கையை முறுக்கிச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். இஸ்திரி போட்ட சட்டை தோளில் கிழிந்தது. இதெல்லாம் அலுவலரின் கண் முன்னால் நடந்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. "அவரை விடுங்கய்யா, ஜன்னலைத் திறந்ததுக்கா கொலைக் கேஸு போடுவீங்க?" என்று கத்தினேன். அலுவலர் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டி, ஜன்னலைத் திறந்தது தான்தான் என்று சொன்னார். தலைவர்போல இருந்தவர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கை விடுபட்டது. அடங்கமாட்டேன் என்றிருந்த பெட்டியும் எப்படியோ வாயை மூடியது.

அந்த அமைதியில்தான் மேஜையைப் பார்த்தேன். படம் இருந்தது, பென்சில் இருந்தது, பூனை இல்லை.

"குழந்தை எங்க?" என்று அலுவலரும் அதே நேரம் கேட்டார்.

பின்கதவு சாத்தித்தான் இருந்தது. முன்கதவோ மலர்ந்து கிடந்தது. தெருவில் அவளைக் காணோம் என்று ஒரு போலீஸ்காரர் வாசலிலிருந்து சொன்னார். பாதுகாப்பான வீடாவது, ஒரு பிள்ளையைப் பட்டப்பகலில் தொலைத்த வீடு என்றல்லவா எழுதுவார்? எழுதட்டும், எது வேண்டுமானாலும் எழுதட்டும், பிள்ளை மட்டும் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவளுடைய அறைக் கதவு திறந்தது.

பள்ளிக்கூடப் பை முதுகில் பிதுங்கியது. பையின் மூடாத வாயிலிருந்து சட்டையின் கை தொங்கியது. காலில் செருப்பு, இடமும் வலமும் மாறியிருந்தது. அழவில்லை. போலீஸ்காரர்களைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். நெஞ்சோடு எதையோ அணைத்திருந்தாள். குனிந்து அதைத் தரையில், என் பாதங்களுக்கு முன்னால் ஜோடியாக வைத்தாள். என் செருப்பு.

"எங்கேம்மா கிளம்பிட்ட?" என்று கேட்டார் அட்டையைப் பார்த்த போலீஸ்காரர். குரல் இறங்கியிருந்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?" என்றாள். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "சீக்கிரம் போட்டுக்கோ அத்தை. போன தடவை செருப்பு போடறதுக்குக்கூட அவங்க நிக்கவே இல்ல."

ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் கிழிந்த சட்டையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க கிளம்பலாம்" என்றார் அலுவலர், போலீஸிடம். "இந்தக் குழந்தை இங்கதான் இருக்கப் போகுது. நான் எழுதித் தர்றேன்."

நான் தரையில் உட்கார்ந்து, அவளுடைய செருப்பைக் கழற்றினேன். ஒன்றைக் கழற்றியதும் இன்னொரு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை அந்தக் காலை அவள் கொடுக்கவில்லை.