எதோடு எது சேரும்

"ஏ புள்ள, உங்க வீட்டுல தோசையப் பொங்குவீகளா, சோத்தச் சுடுவீகளா?"

சிவகாசி அச்சகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாண்டிமீனா இப்படிக் கேட்டபோது, யோகேஸ்வரிக்குக் கேலி என்றுதான் பட்டது. அவள் அப்போதுதான் இங்கிலீஷ் பேசிப் பார்க்கிறேன் என்று மழைக்கு "பிக் ரெயின்" என்று சொல்லியிருந்தாள்.

"யாராச்சும் அப்படிச் சொல்லுவாகளா?" என்றாள் முகம் சுண்டி.

"சொல்ல மாட்டாகல்ல? உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? தோசைன்னா சுடணும், சோறுன்னா பொங்கணும், குழம்புன்னா வைக்கணும். இங்கிலீஷ்காரக பேச்சும் அப்படித்தான். மழைக்கு ஹெவிதான் போடுவாக. ஒத்தச் சொல்லாப் படிக்காத, ஜோடியாப் படி."

இருவரும் ஒன்பதாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. யோகேஸ்வரி அத்தோடு நின்று, காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்க வந்துவிட்டாள். மீனா டிகிரி முடித்து, அதே அச்சகத்தில் வெளியூர் ஆர்டர்களுக்குப் போன் பேசும் வேலையில் இருந்தாள். வருகிற தையில் அவளுக்குக் கல்யாணம், பிறகு கோயம்புத்தூர். தன் இடத்துக்கு யோகேஸ்வரியின் பெயரைச் சொன்னவளும் அவள்தான்.

"போன் பேசட்டும், பாப்போம். பேச வரலைன்னா வெளிய ஆள் எடுக்கணும்," என்றார் மேனேஜர் முத்துக்கிருஷ்ணன்.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய இங்கிலீஷைச் சிவப்பு மையில் சுழித்தவர்கள் எத்தனையோ பேர். உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்கு என்று சொன்னது மீனா ஒருத்திதான். அதை நினைக்கும்போதெல்லாம் யோகேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆர்டர் என்றால் ப்ளேஸ், டீ என்றால் ஸ்ட்ராங், ப்ராமிஸ் என்றால் கீப். கம்பெனி வேனில் வெம்பக்கோட்டைக்குத் திரும்பும்போது உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவாள்.

"என்னட்டி, சாமி வந்திருச்சா?" என்று பக்கத்து சீட்டு வீரலட்சுமி கிண்டலடித்தாலும் நிறுத்தமாட்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் பெங்களூர் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அவருக்கு அனுப்பிய காலண்டர்களில் கடையின் போன் நம்பர் தப்பாக அச்சாகியிருந்தது. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மீனா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, போனை யோகேஸ்வரி பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குப் பயமா இருக்கு புள்ள."

"இருக்கட்டும். போன்ல கடிக்கவா முடியும்? எடு."

எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரே கோபம். 'தப்புப் பண்ணிட்டோம்' என்று தமிழ்தான் முந்திக்கொண்டு வந்தது. பண்ணுவதை அப்படியே மாற்றினால் 'டூ' வரும். மிஸ்டேக்குக்கு அது ஜோடியில்லையே.

"சார், வி மேட் எ மிஸ்டேக். வி வில் சென்ட் நியூ காலண்டர்ஸ். ஐ கிவ் யூ மை வேர்ட்."

எப்போது வரும் என்று அவர் இறங்கிய குரலில் கேட்டார். சொன்னாள். "தேங்க் யூ மேடம்," என்று வைத்துவிட்டார்.

மேனேஜர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "தகரம் அடிக்க வேற ஆள் பாக்கச் சொல்லுதேன்."

யோகேஸ்வரி மீனா பக்கம் திரும்பினாள். மீனா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். அவள் கன்னத்தில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.