உதவியாளருக்கு வந்த நாற்காலி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்துத் தொடக்கப் பள்ளியில், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் துயரம் இன்று முற்பகலோடு முடிவுக்கு வருகிறது. வகுப்பறை உதவியாளர் பணியிடம் ஒன்றை அரசு அனுமதித்துவிட்டது. பொதுமக்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். நிலக்கரித் தூசி இல்லாத பக்கமாகத் திரும்பி விட்டால் நல்லது.

வந்தது பணியிடம்தான். ஆள் வரவில்லை. ஆளுக்கு முன்பாக ஆள் உட்காரும் நாற்காலி வந்துவிட்டது. அரசாங்கத்தில் தளவாட நிதி கார் ஏறி வரும். சம்பள நிதி நடந்து வரும். நாற்காலிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியாயிற்று. அதை வெட்ட மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்துகொண்டிருந்தார்.

கடைசி வரிசையில், பிள்ளைகளின் குட்டி பெஞ்சில், நிறைமாத வயிற்றோடு ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள் தேவயானி. பக்கத்தில் மகன் அஸ்வின். ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். அவனைப் பிடித்து உட்காரவைக்க, சோறு ஊட்ட, கழிவறைக்குக் கூட்டிப்போக ஒருத்தர் வேண்டும். அதனால் அவளும் அவனோடு ஒன்றாம் வகுப்பு தேறி, இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அடுத்த மாதம் பிரசவம். அதற்குள் உதவியாளர் வராவிட்டால் அஸ்வினின் பள்ளிக்கூடம் அதோடு சரி.

"அவரு கேட்டாருன்னா தெளிவா சொல்லும்மா, அடுத்த மாசத்துலேர்ந்து என்னால வர முடியாதுன்னு," என்றார் தலைமையாசிரியர் அமிர்தநாதன். "நானும் எழுதிக்கினேதான் இருக்கறேன். எவன் படிக்கிறான்? நேர்ல சொன்னாதான் ஆளைப் போடுவாங்க."

வீட்டில் கணவன் மருதாசலம் வேறு பாடம் நடத்தியிருந்தான். சுரங்கத்தில் அவன் காண்ட்ராக்ட் தொழிலாளி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பர்மனென்ட் ஆகப்போகிறவன்.

"பெரிய ஆபீசருங்க வந்தா, ஏதாச்சும் குறை இருக்கான்னு கேப்பாங்க. ஒண்ணுமில்லீங்க சார்னு சொல்லிடணும். எங்க ஷிப்ட்ல சிங்காரவேல் ஒருத்தன்தான் குடிக்கத் தண்ணி வரலைன்னான். அவனை இப்ப எங்கன்னு போய்த் தேடறது?"

"ஏங்க, இவரு பள்ளிக்கூடத்து ஆபீசரு. மைன்ஸுக்கும் இவருக்கும் என்ன இருக்கு?"

"ஆபீசரும் ஆபீசரும் ஒண்ணா உக்காந்து காபி குடிப்பாங்கல்ல?"

அதிகாரி வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். ரிப்பனை வெட்டினார். கைதட்டலில் அஸ்வின் காதைப் பொத்திக்கொண்டு கிளம்ப, தேவயானி வயிற்றைப் பிடித்தபடி எழுந்து ஓடி அவனை மடக்கி அணைத்துக்கொண்டாள். அதிகாரி பார்த்துவிட்டார். நேராக அவளிடம் வந்தார்.

"தினமும் நீதான் பாத்துக்கறியாம்மா?"

"ஆமாங்க சார்."

"ஏதாவது குறை இருக்கா? தைரியமா சொல்லு."

தலைமையாசிரியர் சொல்லிக்கொடுத்து, காலையிலிருந்து மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அவர் சட்டைப் பையில் பேனா, பின்னால் கோப்போடு இரண்டு பேர், கோப்பின் மேல் இன்னொரு பேனா.

"ஒண்ணுமில்லீங்க சார்," என்றாள் தேவயானி.

அதிகாரி நெகிழ்ந்துபோனார். பொன்னாடையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"தாயைவிடச் சிறந்த உதவியாளரை எந்த அரசாங்கம் தர முடியும்? இங்கே ஒரு குறையும் இல்லைன்னு அந்தத் தாயே சொல்லிட்டாங்க. ஆகவே இந்தப் பணியிடத்தை, குறை இருக்கற பள்ளிக்கு மாத்தச் சொல்லி இப்பவே உத்தரவு போடறேன்."

பலத்த கைதட்டல். அஸ்வின் அவள் சேலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டான்.

"சார், அடுத்த மாசம்..." என்று அவள் ஆரம்பித்தபோது நாட்டுப்பண் தொடங்கிவிட்டது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அவளும் நின்றாள். முடிந்த கையோடு அதிகாரி காரில் ஏறினார்.

"என்னம்மா, இப்படிப் பண்ணிட்ட," என்றார் அமிர்தநாதன்.

"வாயில அதான் வந்துச்சுங்க சார்."

அவர் நாற்காலியில் தொங்கிய ரிப்பன் துண்டை அவிழ்த்தார். "என்கிட்டயும்தான் கேட்டாரு, ஸ்கூல்ல எல்லாம் சரியா இருக்கான்னு. சரியா இருக்குங்க சார்னுதான் நானும் சொன்னேன்."

பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, கால் வீங்கியிருக்கு," என்றார். பொன்னாடையோடு அவள் அதில் உட்கார்ந்தாள். வசதியாகத்தான் இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து அஸ்வின் பள்ளிக்கு வரவில்லை.