பிழையாய்ச் செய்த சூனியக்காரி

என்னைக் கட்டிய மாப்பிள்ளைக்குக் கோபமே வராது என்று சாய்ந்தமருது முழுக்கப் பேச்சு. அபாயா தைக்க அளவு கொடுக்க வருகிற எந்தப் பெண்ணும், "ஜெனூபா, உனக்குக் கிடைச்சது தங்கம்" என்றுதான் தொடங்குவாள். வாய் நிறையக் குண்டூசி வைத்திருப்பதால் நான் தலையை மட்டும் ஆட்டுவேன். ஊசி மட்டும் இல்லாவிட்டால் நல்ல பதில் ஒன்று சொல்லியிருப்பேன்.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது. பர்ஸான் ஒலுவிலில் இருந்து ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு கம்ப்யூட்டரோடும் வந்தார். கல்முனை பஸாரில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை. நேரத்துக்கு வருவார், நேரத்துக்குத் தொழுவார், கொடுத்ததைச் சாப்பிடுவார். தண்ணீர் குடிக்க எழும்புவதென்றாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவார். திரைச்சீலைக்கு என்ன நிறம் வாங்கலாம் என்று கேட்டால், "உங்கட விருப்பம்." பகல் சோற்றுக்கு என்ன ஆணம் வைக்கலாம் என்று கேட்டால், "உங்கட விருப்பம்." மனைவியை 'நீங்க' என்று கூப்பிடுகிற மனிதர். முதல் வாரம் எனக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு, பள்ளிக்கூடத்துக்கு வந்த கல்வி அதிகாரியோடு ஒரே அறையில் இருப்பது போலாகிவிட்டது.

உம்மா இன்னும் மோசம். புது மாப்பிள்ளைக்கு முன்னால் மாமி வரக்கூடாது, கதைக்கக்கூடாது என்பது அவவின் சட்டம். அடுப்படி வாசலில் தொங்குகிற திரைச்சீலைக்குப் பின்னால் நின்றபடி, ஒரு நாளும் தவறாமல் கோழி ஆணம் வைத்து என் கையில் கொடுத்து அனுப்புவா. மாப்பிள்ளைக்குக் கோழி வைக்காவிட்டால் ஊர் சிரிக்குமாம்.

இப்படி இருக்கும்போதுதான் தோஹாக் கதை வந்தது. அங்கே ஒரு கம்பனியில் வேலை இருக்கிறதாம், வருகிறேன் அல்லது இல்லை என்று வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுகைக்கு முன்னர் பதில் சொல்ல வேண்டுமாம். வாடகைக்கு இருக்கிறவர் வீட்டுக்காரிக்கு அறிவிப்பது மாதிரிச் சொல்லிவிட்டு, என்ன சொல்றீங்க என்று கேட்டார். போகாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. பெருமை பிடித்த வாய். "உங்கட விருப்பம்" என்றேன், அவர் பாடத்தை அவருக்கே படித்துக் காட்டுவது போல. சரி என்று தலையை ஆட்டினார். அன்று நான் வெட்டிய அபாயாவுக்கு ஒரு கை நீளம், ஒரு கை கட்டை.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. தொல்லையே அதுதான்.

வேலை விட்டு வந்து அஸர் தொழுதால் அவருக்கு ஒரு கேம் இருக்கிறது. மந்திரம், வாள், அரக்கன், குகை என்று ஒரு பெரிய உலகம். அதில் அவர் கேடயம் பிடித்து முன்னால் நிற்கிறவர். அவரோடு கடையில் வேலை செய்கிற ஜனுசன், கல்முனையில் தன் வீட்டிலிருந்தபடியே வைத்தியராக வந்து காயம் மாற்றுவான். இருவரும் மைக்கில் கதைத்துக்கொண்டே விளையாடுவார்கள். ஒரு நாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். "டேய் மடையா, முன்னுக்கு ஓடாத, எனக்குப் பின்னால நில்லு" என்று என் மாப்பிள்ளை ஏசிக்கொண்டிருந்தார். ஏசிவிட்டுச் சிரித்தார். ஜனுசனும் சிரித்தான்.

அடப்பாவி. கோபம் வராத ஆள் இல்லை இவர். எனக்கு வர வேண்டிய ஏச்செல்லாம் ஜனுசனுக்குப் போகிறது. அன்றைக்கே, நானும் விளையாடப் போகிறேன் என்று சொல்லி அவர் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் கடையிலிருந்து ஒரு பழைய லெப்டொப் கொண்டுவந்து தந்தார்.

முதலில் ஆளைத் தெரிவு செய்ய வேண்டும். பெண் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். வில்லுக்காரி வந்தாள். வயிறு முழுக்க வெளியே. ஒளி மந்திரக்காரி, நல்லவளாம், காயம் மாற்றுவாளாம், அவளுக்கு முதுகே இல்லாத சட்டை. வாள்காரிக்கு இரும்பில் உடுப்பு, ஆனால் இரும்பு வேண்டிய இடத்தில் இல்லை. இவர்களுக்கெல்லாம் தைத்தவன் யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி கேட்பேன். கடைசியாக ஒருத்தி வந்தாள். தலையிலிருந்து கால்வரை கறுப்பு அங்கி, முக்காடு, முகத்தில் பாதி நிழல். இவள்தான் என்றேன்.

பர்ஸான் தயங்கினார். அவள் இருட்டு மந்திரக்காரியாம். சூனியம் வைப்பாள், எலும்புகளை எழுப்பிப் படை சேர்ப்பாள், எதிரியின் உயிரை உறிஞ்சுவாள். மந்திரம் போடப்போடத் தன் உயிரும் குறையும். புதிதாக வருகிறவர்களுக்குச் சரியான கஷ்டம். இவ்வளவு நீளமாக அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. கதைத்து முடித்து, "உங்கட விருப்பம்" என்றார்.

அடுத்த நாள் அவர் பள்ளிக்குத் தொழப் போன நேரம் உம்மா வந்து எட்டிப் பார்த்தா. வீட்டுக்குள் சூனியக்காரியா என்று நெஞ்சில் கை வைத்தா. நான் மற்றப் பெண்களை ஒவ்வொருத்தியாக எடுத்துக் காட்டினேன். அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே வந்தவ, என் சூனியக்காரியிடம் வந்ததும் கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு நின்று பார்த்தா.

"இவள் நல்ல வடிவா மூடித்தான் இரிக்காள். கைதான் கொஞ்சம் கட்டை" என்றா.

உண்மைதான். மணிக்கட்டு தெரிந்தது. அது எனக்கு முதலே கண்ணில் குத்தியிருந்தது.

ஆளைத் தெரிவு செய்தபின் அவளுக்குப் புள்ளி பிரித்துக் கொடுக்க வேண்டும். பலம், அறிவு, உயிர், வேகம் என்று கட்டங்கள். ஒவ்வொரு லெவலுக்கும் கொஞ்சப் புள்ளி வரும். நான் முதல் வந்ததையெல்லாம் பலத்தில் போட்டேன். துணிக்கட்டு தூக்குகிறவளுக்குப் பலம்தானே முதலில் தோன்றும். பர்ஸான் ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அவருடைய காது மடல் சிவந்தது.

மந்திரக்காரிக்கு அறிவுதான் வேண்டுமாம், பலம் ஒன்றுக்கும் உதவாதாம். அதை ஜனுசன்தான் மைக்கில் சொன்னான். இவர் சொல்லவில்லை. ஆனால் நான் அந்தக் காதைப் பார்த்துவிட்டேன். அப்போதுதான் அவரை ஏச வைக்க எனக்கு வழி பிடிபட்டது.

அதன் பிறகு நான் செய்தது யுத்தம். வந்த புள்ளியெல்லாம் பலத்துக்கே போனது. மந்திரம் படிக்க வேண்டிய இடத்தில் என் சூனியக்காரி மீன் பிடிக்கப் படித்தாள். கையில் இரும்புத் தண்டு ஒன்றைக் கொடுத்தேன். மந்திரம் போடாமல் அதால் அரக்கர்களின் முழங்காலில் அடித்துக்கொண்டு திரிந்தாள். எலும்புப் படையை எழுப்பினால் அது பாதி வழியில் உதிர்ந்துவிடும், அவ்வளவு அறிவு அவளுக்கு. ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் இருந்த காது சிவக்கும். விரல்கள் மேசையில் தாளம் போடும். நான் ஓரக்கண்ணால் பார்த்துக் காத்திருப்பேன். இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று. "பரவாயில்ல" என்பார். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நிற்பார்.

ஒரு நாள் சூனியக்காரியைக் கொண்டுபோய் வேண்டுமென்றே நெருப்புக்குள் நிறுத்தினேன். அதற்கும் பரவாயில்லையாம். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பொறுமையை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வது?

வியாழன் அன்று ஒரு கறுப்புக் கோல் கிடைத்தது. அந்தக் கோலுக்காக அவரும் ஜனுசனும் ஒரு வாரமாகப் பாம்புக் குகையில் செத்துச் செத்து எழும்பியிருக்கிறார்கள். அந்த உலகத்திலேயே அப்படிக் கோல் சிலதுதான் இருக்குமாம். அது இருந்தால் அறிவு இல்லாத சூனியக்காரியும் உருப்படலாமாம். எடுத்து என்னிடம் தந்தார். "உங்களுக்குத்தான் தேடினன்" என்று மட்டும் சொன்னார். தோஹாவுக்குப் போகிற ஆள் எனக்கு விட்டுப்போகிற சீதனம் போல இருந்தது அது. அன்று என்னால் வம்பு செய்யவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்து, கோழி ஆணத்தோடு சோறும் முடிந்து விளையாட உட்கார்ந்தோம். அவருடைய போன் மேசையில் கிடந்தது. மஃரிபுக்கு முன்னர் அதில் ஒரு பதில் போக வேண்டும். இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம். சூனியக்காரியைச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு வியாபாரி கையுறை வைத்திருந்தான். கறுப்பு, வெள்ளி நூல் கரை, என் சூனியக்காரியின் அங்கிக்கென்றே வெட்டித் தைத்தது போல. மணிக்கட்டை அப்படியே மூடும். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு என் மனதில் ஒரு சூதும் இல்லை. என்னிடம் இருந்ததில் அவன் கேட்டது அந்தக் கோலை. கொடுத்தேன். கையுறை வந்தது. போட்டுப் பார்த்தேன், அவ்வளவு வடிவு.

"இஞ்ச பாருங்க" என்று சந்தோஷமாகக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். காது மட்டுமில்லை, கழுத்தும் நெற்றியும் சிவந்தன.

"உனக்கு விசரா புள்ள? அந்தக் கோலக் குடுத்தா கையுறை வாங்கின? ஒரு கிழமையா நாங்க ரெண்டு பேரும் அந்தப் பாம்புக்குள்ள கிடந்து செத்தோம், நீ கையுறை வாங்குற! சூனியக்காரிக்குப் பலம், சூனியக்காரிக்கு மீன்பிடி, இப்ப கையுறை. மண்டைக்குள்ள என்னதான் வெச்சிருக்காய்?"

வீடு முழுக்கக் கேட்டது. வளவுக்கு அங்காலும் கேட்டிருக்கும்.

ஒரு வாரமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். வந்தபோது எனக்கு அது மறந்தே போனது. கையுறையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? நானும் எழும்பி நின்று திருப்பிக் கொடுத்தேன். கை தெரிகிற அங்கியைத் தைத்தவனை விட்டுவிட்டு என்னை ஏசுவது எந்த நியாயம் என்று கேட்டேன். மைக்கில் ஜனுசன் மெல்ல, "நான் பிறகு வாறன் மச்சான்" என்று சொல்லிவிட்டு மறைந்தான்.

கையுறையிலிருந்து சண்டை திரைச்சீலைக்குப் போனது. அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே தலையிடிக்கிறதாம். அங்கிருந்து சோற்றுக்கு வந்தது.

"எந்த நாளும் கோழி. எனக்குக் கோழியே பிடிக்காது. கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் தின்டுக்கிட்டு இரிக்கன்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"இது உங்கட வீடு. வந்த மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும் எண்டு எங்கட உம்மா சொல்லித்தான் அனுப்பினா."

"வாயைப் பொத்திக்கிட்டிருக்க நீங்க என்ன விருந்தாளியா? விருந்தாளியோட எப்படிக் குடும்பம் நடத்துற?"

சொல்லி முடித்தபோதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது, நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று. அவர் திடுக்கிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தார். மனைவி வீட்டில் சத்தம் போட்டுவிட்ட பயம் முகமெல்லாம் இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியாது. இன்னும் ஒருக்கா ஏசுங்க என்று சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

மேசையில் கிடந்த போனை எடுத்து அவர் கையில் வைத்தேன். "தோஹாவுக்குப் போக உங்களுக்கு விருப்பமா? என்ட விருப்பத்தக் கேக்காதீங்க."

"இல்ல" என்றார். "கொஞ்சமும் இல்ல. நீங்க ஒண்டும் சொல்லல்ல, நான் போனா உங்களுக்கு நிம்மதி எண்டு நினைச்சன்."

"எனக்கும் விருப்பமில்ல. நீங்க போனா நான் யாரோட சண்டை பிடிக்கிற?"

அவர் அங்கேயே நின்று போன் எடுத்தார். வரவில்லை என்று இரண்டு வரியில் சொன்னார். வைத்துவிட்டு மூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்து அடுப்படித் திரைச்சீலை விலகியது.

உம்மா நின்றா. முக்காடு நெற்றிவரை இழுத்திருந்தது, கையில் அகப்பை. மாப்பிள்ளைக்கு முன்னால் அவ வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"மனே, கோழி பிடிக்காதெண்டா சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? நாட்டுக்கோழிக்கு நான் நாவிதன்வெளிக்கெல்லாம் ஆள் விட்டு எடுக்கன். விடிஞ்சா கோழி, பொழுதுபட்டா கோழி. எனக்கே கோழியக் கண்டா ஓங்காளம் வருது. உங்களுக்காகத்தான் நானும் தின்டன். அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காது சிவந்திருந்தது. ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார் என்பதை நான் பார்த்தேன்.

"கீரிமீன் மாமி. பொரிச்சா போதும்."

உம்மாவுக்கு வந்ததே கோபம். மாப்பிள்ளைக்கு மலிவான கீரிமீனைக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு பாட்டம் ஏசினா. இடையில் மூச்சு வாங்கிவிட்டு, "மஞ்சள் திரைச்சீலை வாங்கினது நான்தான், அதுக்கு என்ன குறை?" என்று இன்னொரு பாட்டம். சொந்த மகனுக்குக்கூட இவ்வளவு ஏச்சு விழுந்திருக்காது. அவர் எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார். யாரையும் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல் உம்மாவைத் தாண்டி அடுப்படிக்குள் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

சூனியக்காரியைப் புதிதாகச் செய்து தருகிறேன், இந்த முறை அறிவில் புள்ளி போடலாம் என்று அவர் இன்னும் கெஞ்சுகிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கோல் போனது போனதுதான். அவள் இன்றும் இரும்புத் தண்டோடும் வெள்ளிக்கரைக் கையுறையோடும் குகை குகையாகத் திரிகிறாள். அந்தக் கையுறை திரையில் தெரிகிற போதெல்லாம் எங்களுக்குச் சண்டை. இன்று காலை நடந்த சண்டையில், உம்மா பொரித்து வைத்த கீரிமீன் ஆறியே போய்விட்டது. அதற்கு உம்மா எங்கள் இருவரையும் சேர்த்து ஏசினா.