ஈஸ்டர் சில்லுகள்

என் கணவர் ஸ்தெலியோஸ் ஒலிவ அறுவடையின்போது போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை. காபி சுடுவதும் தெரியாது, ஆறியதும் தெரியாது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் கோர்ஃபு நகரமே வருஷா வருஷ வழக்கப்படி மாடிகளிலிருந்து மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைத்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

கோவிலில் ஞாயிறு வகுப்பு எடுப்பது ஒன்றுதான் மிச்சம். ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு அதற்கும் பாதிரியார் வந்து நின்றார்.

"அந்தூசா, உன்னால முடியலேன்னா விட்டுடும்மா. இன்னிக்கு வகுப்பு முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லிடு."

முடியாது என்று சொல்லிவிடத்தான் இருந்தேன்.

அன்றைய பாடம் பழைய ஏதென்ஸின் மக்களாட்சி. ஆளுக்கொரு ஈஸ்டர் பானைச் சில்லு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதிர்ஷ்டம் என்று வீட்டுக்கு வீடு பொறுக்கி வைத்திருப்பார்களே, அதுதான்.

"ஏதென்ஸ்ல ஊருக்கு யாரால ஆபத்துன்னு நினைக்கிறாங்களோ, அவர் பேரை இந்த மாதிரி சில்லுல கீறணும். யார் பேர் அதிகமோ அவர் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போகணும். ராஜா கிடையாது, ஜனங்களே எடுக்கற முடிவு."

"நல்லவர் பேரையே எல்லாரும் எழுதிட்டா?" என்றான் ஜெராசிமோஸ். எதற்கும் கொக்கி போடுகிற பயல்.

"பிலாத்து முன்னால கூட்டம் யாரை விடுதலை பண்ணச் சொல்லிக் கேட்டுச்சு? இயேசுவை இல்ல, கொலைகாரன் பரபாசைத்தானே! கூட்டம் பெரிசா இருந்தா மட்டும் நியாயம் ஆயிடாது. எழுதறதுக்கு முன்னாடி மனசாட்சியக் கேக்கணும்."

சொன்னது என் வாய்தான். என் காதிலேயே அது ஏறவில்லை.

"சரி, விளையாட்டுக்கு எழுதுங்க. யூதாஸ், பரபாஸ், யார் வேணா."

குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அதட்டக்கூடத் தோன்றவில்லை. கூடைக்கு வந்த சில்லுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அந்தூசா டீச்சர். அந்தூசா டீச்சர். கடைசிச் சில்லு வரை என் பெயர்தான்.

வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாதிரியாரிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள் என்று கோட்டை எடுத்து மாட்டினேன்.

"எங்க டீச்சர் கிளம்பிட்டீங்க?" என்றாள் முன்வரிசை ஸ்தமாத்தெலா.

"நீங்கதானேடி போகச் சொல்லி எழுதியிருக்கீங்க."

"ஐயோ டீச்சர், இது ஏதென்ஸ் சில்லா? நம்ம ஈஸ்டர் சில்லு! உங்க மாடியிலேர்ந்து இந்த வருஷம் பானையே விழலையே, அப்புறம் உங்களுக்கு அதிர்ஷ்டம் எங்கேர்ந்து வரும்? அதான் எங்களோடதையெல்லாம் உங்களுக்கே எழுதிட்டோம்."

"மனசாட்சியக் கேட்டுட்டுத்தான் எழுதினோம்," என்றான் ஜெராசிமோஸ்.

எல்லாவற்றையும் அள்ளிக் கோட்டுப் பையில் திணித்தேன். ஒரு சில்லின் கூர் விரலைக் கீறியது. சுரீரென்று வலித்தது.

வாசலில் பாதிரியார் காத்திருந்தார்.

"அடுத்த வாரம் யூதாஸ் இடத்துக்கு அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு மத்தியாசை எடுத்த கதை," என்றேன், விரலைச் சப்பிக்கொண்டே. "நான்தான் நடத்துவேன்."