வால்டெசிருக்கு ஒரு கம்ப்யூட்டர்: நான்காவது வரைவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் ஓசியாகக் கிடைத்தது. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கரியடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. என் நண்பன் வால்டெசிர், சாந்தோஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், புத்தம்புதுக் கம்ப்யூட்டரை பிளக்கில் சொருகிய மூன்றாவது நொடியில் எரித்த கதையைச் சொன்னான். வாயாலேயே 'டமார்' என்று வெடித்துக் காட்டினான். "சுவிட்சைப் பார்க்காம சொருகிட்டேன்யா, என்னை மாதிரி மடையன் இந்தக் கடற்கரையிலயே கிடையாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். எழுத்தாளன் என்கிற பிராணி அப்படித்தான். நண்பன் வீடு பற்றி எரிந்தாலும் முதலில் நோட்டுப் புத்தகத்தைத் தேடும்.

நான் எழுத நினைத்தது ஒரு நகைச்சுவைக் கதை. மந்தமான ஒரு நண்பன், எல்லாம் தெரிந்த இன்னொரு நண்பன், நடுவில் ஒரு கம்ப்யூட்டர். எல்லாம் தெரிந்தவன் நான். என் பெயர் தார்சீசியோ. சாவோ பாலோவில் சிறுகதை எழுதிப் பிழைக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். என் நண்பர்கள் யாரும் என் கதைகளைப் படித்ததில்லை. கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமென்றால் மட்டும் என்னைத் தேடி வருவார்கள். எந்தப் பாகம் எந்தப் பாகத்தோடு சேரும் என்பதில் நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எனக்கு இருக்கிற ஒரே மரியாதை அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"வால்டெசிர் ஒரு வெள்ளந்தியான—"

[நிறுத்து. முட்டாள் என்று எழுதத் தைரியம் இல்லாதவர்கள்தான் வெள்ளந்தி என்று எழுதுவார்கள்.]

"சாந்தோஸ் கடலில் கப்பல்கள் வரிசையாகக் காத்து நின்ற ஒரு மாலையில்—"

[கப்பலுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. கடலைக் காட்டினால் கதைக்கு ஆழம் வந்துவிடும் என்று நம்புகிற எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். பரிசளிப்பு விழாக்களில் அவர்களோடு நின்று சீஸ் பன் தின்றிருக்கிறேன்.]

"வால்டெசிருக்கு ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது."

இது பரவாயில்லை. ஏன் தேவைப்பட்டது என்பதை நகைச்சுவைக் கதையில் நான் எழுதவில்லை. எழுதினால் சிரிப்பு வராது. இப்போது எழுதுகிறேன். அவனுக்கு ரயானி என்று ஒரு மகள். மனைவி பிரிந்து பெலேமுக்குப் போனபோது அவளையும் கூட்டிப் போய்விட்டாள். பெலேம் இருப்பது எங்கள் நாட்டின் மறுகோடியில். விமான டிக்கெட் எடுத்து அடிக்கடி போய்வர கிரேன் ஓட்டுகிறவனால் முடியாது. அதனால் அப்பாவும் மகளும் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் சந்தித்துக்கொள்வார்கள். அதில் ஒரு படகு. அவன் ஓட்டுவான், அவள் பீரங்கி சுடுவாள். சுட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சொல்வாள். போனில் கூப்பிட்டால் "ம்", "சரிப்பா" தவிர அவளிடமிருந்து ஒன்றும் வராது.

ஜூலையில் அவன் என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், கேம்ல புது வெர்ஷன் வந்துடுச்சுடா. என் டப்பால ஓட மாட்டேங்குது."

"உன் டப்பால கால்குலேட்டரே ஓடாது."

"மூணு சனிக்கிழமை போச்சு. ரயானி கேட்டுக்கிட்டே இருக்கா. அடுத்த மாசம் அவளுக்குப் பிறந்தநாள், சனிக்கிழமையிலதான் வருது. படகுக்கு ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரைக் கூட்டிட்டு வர்றாளாம். அப்பாதான் ஓட்டுவார்னு சொல்லி வச்சிருக்கா. நீ எல்லாருக்கும் பார்த்துக் குடுக்குற, எனக்கும் ஒண்ணு பாரேன்."

"எவ்ளோ வச்சிருக்க?"

"மூவாயிரம் ரெயால்."

"மூவாயிரத்துக்கு கம்ப்யூட்டர் வராது. கம்ப்யூட்டரோட போட்டோ வரும்."

"அந்த போட்டோல நீல லைட் எரியுமா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

3

கம்ப்யூட்டரில் விளக்கு கேட்கிறவர்களை நான் மனிதர்களாகவே மதிப்பதில்லை. கம்ப்யூட்டர் கடைகள் வரிசைகட்டி நிற்கும் சாந்தா இஃபிஜேனியா தெருவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தச் சாமானிலும் சிவப்புக் கோடு ஒன்றைப் போட்டு 'கேமர்' என்று எழுதினால் விலை ஒன்றரை மடங்கு. கேமர் நாற்காலி, கேமர் மேசை, கேமர் தண்ணீர் பாட்டில். ஒரு கடையில் கேமர் செருப்பு பார்த்தேன். அதை ஒரு ஆள் போட்டு நடந்தும் பார்த்தான்.*

* செருப்பு நான் சேர்த்தது. மற்றதெல்லாம் உண்மை.

ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். ஒரு நாளில் முடிகிற வேலைதான். பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்று ஏழு சாமான். ஆனால் ஒரு நாளில் முடித்தால் அது உதவி. ஆறு வாரம் இழுத்தால் கலை. பட்டியல் போட்டேன், கிழித்தேன், யாரோ பெயர் தெரியாத ஆட்களோடு இணையத்தில் ராம் வேகத்தைப் பற்றிச் சண்டை போட்டேன். நடுவில் இன்னும் ஐந்து சனிக்கிழமைகள் போயின.

அவன் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மச்சான், இங்க சூப்பர்மார்க்கெட்லயே ரெடிமேடா ஒண்ணு விக்கிறான்டா. லைட்டெல்லாம் சூப்பரா எரியுது. அதையே எடுத்துக்கட்டுமா? நாளும் போய்க்கிட்டே இருக்கு."

"எடுத்துக்கோ. அப்படியே மீன்தொட்டின்னு நினைச்சு நாலு மீனும் வாங்கி உள்ள விடு."

"சரிடா, சரிடா. நீ சொல்றதுதான்."

இந்த மீன்தொட்டி வசனம் முதல் மூன்று வரைவுகளிலும் இருக்கிறது. எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

4

இரண்டாவது வரைவில் நான் தாண்டிப் போன இடம் இது.

என் பட்டியலில் முதலில் ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, இருந்தது. சுவரிலிருந்து எந்த மின்சாரம் வந்தாலும் தானே தெரிந்துகொள்ளும் ரகம். எங்கள் நாட்டில் அது தேவை. சாவோ பாலோவில் 127 வோல்ட். ஒரு மணி நேரம் மலையிறங்கி சாந்தோஸ் போனால் 220. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அரசாங்கத்தைக் கேட்டாலும் பதில் வராது. வீடு மாறுகிறவர்கள் இங்கே முதலில் கேட்பது வாடகையை அல்ல, வோல்ட்டை.

பட்டியலை முடித்த அன்று ஒரு கிராபிக்ஸ் கார்டு கண்ணில் பட்டது. நான் எடுத்து வைத்திருந்ததைவிட ஒரு படி மேல். நொடிக்கு எட்டுப் படம் கூடுதலாக ஓடும். எட்டுப் படம் கூடினால் வால்டெசிரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இணையத்தில் என்னோடு சண்டை போட்ட ஆட்களுக்குத் தெரியும். பணத்துக்காக நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டு மலிவானது ஒன்றைப் போட்டேன். பின்பக்கம் சின்னதாய் ஒரு சிவப்பு சுவிட்ச்: ஒரு பக்கம் 115, அது எங்கள் 127-க்கு; மறு பக்கம் 230, அது சாந்தோஸின் 220-க்கு. ஊருக்கேற்றபடி கையால் தள்ளிக்கொள்ள வேண்டிய பழைய ரகம். வெள்ளிக்கிழமை என் வீட்டில் அசெம்பிள் செய்து, சுவிட்சை 115 பக்கம் வைத்து, ஓட்டிப் பார்த்தேன். பிரமாதமாக ஓடியது. பட்டியலைப் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். நாற்பத்திரண்டு பேர் பாராட்டினார்கள். இதுவரை என் எந்தக் கதையையும் நாற்பத்திரண்டு பேர் பாராட்டியதில்லை. அந்த மயக்கத்தில் சுவிட்ச் மறந்துவிட்டது.

சனிக்கிழமை காலை வால்டெசிர் பஸ்ஸில் வந்தான். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கினான். அன்றுதான் ரயானிக்குப் பிறந்தநாள்.

5

மதியம் இரண்டரை மணிக்குப் போன் வந்தது. என் மூன்றாவது வரைவு இந்த இடத்தில்தான் செத்தது. ஏனென்றால் இந்தப் பேச்சை மூன்று விதமாக எழுதினேன்.

முதல் விதம்: போனே வரவில்லை. அவன் யாரையும் கேட்காமல் சொருகினான். கதை வேகமாக நகர்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் எல்லாரிடமும் சொன்னதும் இதுதான்.

இரண்டாம் விதம்: போன் வந்தது, லைன் சரியில்லை, பாதிப் பேச்சு கேட்கவில்லை. [இதை எழுதிய அன்று எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. லைன் மேல் பழி போடுகிறவன் எதன் மேலும் போடுவான்.]

மூன்றாம் விதம், நடந்தது:

"மச்சான், எல்லாம் மாட்டிட்டேன். பின்னாடி சிவப்பா ஒரு சுவிட்ச் இருக்குடா. 115னு போட்டிருக்கு. இங்க 220 ஆச்சே. தள்ளி விடணுமா?"

"டேய், பின்னாடி எதையும் தொடாதே."

"இல்லடா, 115னு—"

"இந்தக் காலத்து எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் தானாவே பார்த்துக்கும். ஆறு வாரம் உட்கார்ந்து பார்த்தவன் நானா, நீயா? நீ கிரேனை ஓட்டு. இதை என்கிட்ட விடு."

"சரிடா. நீ சொல்றதுதான். லைன்ல இரு, சொருகுறேன்."

டமார் என்று அவன் வாயால் காட்டினானே, அந்தச் சத்தத்தை நான் போனிலேயே கேட்டுவிட்டேன்.

"மச்சான்... புகை வருது."

நான் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன். திருத்தவில்லை. "நீ எதையாவது தொட்டியா?"

பிளக்கைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. துறைமுகத்தில் இருபது வருஷம் வோல்ட் பார்த்து வேலை செய்தவன். அவனுக்குத் தெரியாதா? பிறகு சொன்னான்:

"ஆமாடா. நான்தான் ஏதோ பண்ணிட்டேன்போல."

நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். "போல" என்கிற சொல்லை மட்டும் அவன் அதற்குப் பிறகு விட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு மேசையில் சொல்லும்போது அது முழுக்க முழுக்க அவன் செய்த தப்பாகிவிட்டது.

மூன்று மணிக்கு ரயானி நான்கு தோழிகளோடு படகில் நின்றாள். நாலு மணி வரை நின்றாளாம். அப்பா வரவில்லை. படகு துறையை விட்டே கிளம்பவில்லை. தோழிகள் ஒவ்வொருவராக வெளியேறிவிட்டார்கள். அவன் போனில் கூப்பிட்டு, தானே எரித்துவிட்டதாகச் சொன்னான். "உங்களுக்கு ஒண்ணாவது ஒழுங்கா செய்யத் தெரியாதாப்பா?" என்று கேட்டாள். இதையும் அவன்தான் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

6

பெரிய மனசு என்று இதை எழுதிக் கண்ணைக் கசக்கச் சொல்வீர்கள், தெரியும். என்னால் முடியாது. எனக்கு அவன் மேல் எரிச்சல்தான் வருகிறது. எவன் கேட்டான் இவனை? ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சண்டை போட்டு ஒரு பீரில் முடிந்திருக்கும். எனக்கிருக்கிற ஒரே மரியாதை எதுவென்று அவனுக்குத் தெரியும். அதைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, தன் மகளிடம் தன் மரியாதையை விட்டுவிட்டான். வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

[இந்தப் பத்தியில் ஏதாவது ஒரு உவமை வேண்டும் என்று கை துடிக்கிறது. போடவில்லை.]

அக்டோபரில் அவன் சூப்பர்மார்க்கெட் மீன்தொட்டியை வாங்கினான். நீல வெளிச்சத்தோடு, நான் சொன்ன எந்த நியாயத்துக்கும் கட்டுப்படாமல், நன்றாகவே ஓடுகிறது. சனிக்கிழமை மூன்று மணிக்கு உள்ளே போய்ப் படகில் உட்கார்கிறான். ரயானி வருவதில்லை. தனியாகப் படகை ஓட்டிக்கொண்டே பீரங்கி சுட முடியாது. அந்த விளையாட்டில் அதற்கு வழியில்லை.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நேற்று காலை பத்து மணிக்கு என் போனில் இது வந்தது:

"மாமா, நான் ரயானி, வால்டெசிர் பொண்ணு. என் லேப்டாப் போயிடுச்சு. அம்மா புதுசா டெஸ்க்டாப்பே வாங்கக் காசு குடுத்திருக்காங்க. பார்ட்ஸ் நீங்க பார்த்துச் சொல்றீங்களா? அப்பாகிட்ட கேக்கல. நீங்கதான் கரெக்டா சொல்வீங்கன்னு அவரே எப்பவும் சொல்வாரு. இங்க பெலேம்ல 127 வோல்ட். முதல்லயே சொல்லிடுறேன், அவரை மாதிரி ஆகக் கூடாதுல்ல."

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. அ: நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், அப்பாவும் மகளும் படகில் ஏறுகிறார்கள், நீங்கள் மூக்கைச் சிந்துகிறீர்கள். ஆ: நான் சொல்கிறேன், அவள் என்னையும் அப்பாவையும் சேர்த்து வெறுக்கிறாள், விமர்சகர்கள் துணிச்சல் என்கிறார்கள். இ: ஒன்றும் சொல்லாமல் பட்டியலை மட்டும் அனுப்புகிறேன். இதுதான் என் குணத்துக்குப் பொருந்தும் என்று இத்தனை பக்கம் படித்த உங்களுக்குத் தெரியும்.

பட்டியல் தயார். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டேன், ஆறு வாரம் தேவைப்படவில்லை. முதல் சாமான், தானே வோல்ட்டைத் தெரிந்துகொள்ளும் எஸ்.எம்.பி.எஸ். பட்டியலுக்கு மேலே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியை நேற்றிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். "ரயானி, அன்னிக்கு உங்கப்பா எங்கிட்ட கேட்டாரு, நான்தான்—" என்கிற வரைக்கும் வருகிறது. அதற்குப் பிறகு சொற்கள் அழகாக வரத் தொடங்குகின்றன, உடனே அழித்துவிடுகிறேன். அழகாக எழுதினால் அவள் என்னை மன்னித்துவிடுவாள், அது சரியில்லை.

எனவே வாசகரே, ஓசியில் கதை படித்துவிட்டுப் போகலாம் என்று பார்க்காதீர்கள். அந்த வரியை நீங்கள் முடியுங்கள். போனைத் திறந்து உங்கள் பக்கமாக வைத்திருக்கிறேன். சீக்கிரம், அவள் ஏதோ டைப் செய்துகொண்டிருக்கிறாள்.

"மாமா? இருக்கீங்களா?"